பீரியட்ஸ் வந்துவிட்டால் கர்ப்பம் இல்லை என்றுதானே அர்த்தம்?

வாசகி ஒருவரின் கேள்வி – 14.07.2023, இரவு 9.20

என் தங்கைக்கு 27 வயது, கல்யாணமாகி ஒரு வருடம். இந்த மாதம் 12 நாள் தள்ளிப்போனது. எல்லோரும் நல்ல செய்திக்குக் காத்திருந்தோம். அப்புறம் வந்துவிட்டது. ஐந்து நாளாக லேசாக, காபித்தூள் நிறத்தில் பட்டுக்கொண்டே இருக்கிறதாம். இடது அடிவயிற்றில் விட்டு விட்டு வலி. அவள் மாமியார் சூட்டு வலி என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுக்கிறார். கர்ப்பம் பார்க்கிற கார்டு போட்டுப் பார் என்றேன். "அதான் வந்துடுச்சே அக்கா, எதுக்கு வீண் செலவு" என்கிறாள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. பீரியட்ஸ் வந்துவிட்டால் கர்ப்பம் இல்லை என்றுதானே அர்த்தம்?

14.07.2023, இரவு 9.35

இல்லை. அப்படி அர்த்தம் இல்லை. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கினாலும் இப்படி லேசாகப் படும். இன்றிரவே கார்டு போடச் சொல்லுங்கள். காலையில் முதல் சிறுநீர்தான் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். 12 நாள் தள்ளியிருந்தால் எந்த நேரத்திலும் பெரும்பாலும் தெரிந்துவிடும். மயக்கம் வந்தாலோ, தோள்பட்டை வலித்தாலோ, வயிற்று வலி திடீரென்று கூடினாலோ கார்டெல்லாம் வேண்டாம், நேராக 108. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

14.07.2023, இரவு 9.50

ஒன்று விட்டுப்போனது. பாத்ரூமுக்குப் போனால் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

15.07.2023, காலை 6.10

தூங்கவில்லை. என் கதையை எழுதிவிடுகிறேன், நேற்று ஏன் அப்படிப் பதறினேன் என்று அப்போதுதான் புரியும்.

2016 ஆகஸ்ட். எனக்கு 31 வயது, பையனுக்கு நாலு. எனக்கு எப்போதுமே முன்னே பின்னேதான் வரும், அதனால் பத்து நாள் தள்ளியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் வந்தது. வந்தது என்றுதான் நினைத்தேன். நாப்கின் நனைகிற அளவுக்கு இல்லை. பழுப்பாக, ஒரு நாள் பட்டால் ஒரு நாள் படாது. வலது அடிவயிற்றில் யாரோ விரலால் அழுத்திப் பிடித்திருப்பது போல இருக்கும், அப்புறம் விட்டுவிடும். ஒரு வாரம் இப்படியே போனது. சமைத்தேன், பையனை ஸ்கூலுக்கு அனுப்பினேன்.

எட்டாம் நாள் மதியம் வலி ஒருமுறை சுருக்கென்று வந்து, உடனே குறைந்தது. குறைந்ததும் நிம்மதியாகப் படுத்தேன். படுத்த பத்து நிமிடத்தில் வலது தோள்பட்டையின் நுனி வலிக்க ஆரம்பித்தது. வயிற்றுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்? பையனைத் தூக்கிச் சுமந்ததில் வாயு பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். அத்தை தைலம் தேய்த்துவிட்டார். எழுந்து உட்கார்ந்தால் குறையும், படுத்தால் கூடும். கூடவே வெளிக்குப் போக வேண்டும் போல முட்டிக்கொண்டே இருந்தது, போனால் ஒன்றும் இல்லை.

அப்படிப் போனபோதுதான் பாத்ரூமில் விழுந்தேன். உள்ளே தாழ் போட்டிருந்தேன். கதவை உடைத்துத்தான் வெளியே எடுத்தார்கள்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர், வாந்தி, வயிற்று வலி, மயக்கம் என்று எழுதிக்கொண்டார். "நாள் தள்ளிப்போயிருக்கா?" என்று கேட்டார். "இல்ல சார், இப்பதான் வந்து முடிஞ்சது" என்றேன். நல்ல நினைவோடு நானேதான் சொன்னேன். அவர் கேஸ் ட்ரபிள் என்று ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

குளுக்கோஸ் மாட்ட வந்த சிஸ்டர் என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். ஏழு வருடமாகியும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. "அக்கா, கடைசியா வந்தது எப்பவும் போல வந்துச்சா? எத்தனை நாப்கின் மாத்துனீங்க?"

எப்போதும் போல வரவில்லை. நாப்கின் மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. அதைச் சொன்னதும் அவர் ஓடினார். படுக்கையிலேயே சிறுநீர் எடுத்து கார்டில் விட்டார்கள். இரண்டு கோடு. ஸ்கேனில் கர்ப்பப்பை காலி, வயிறு முழுக்க ரத்தம். ஆம்புலன்ஸில் திருச்சிக்குக் கொண்டு போனார்கள். ஹீமோகுளோபின் 6.2. வயிற்றைத் திறந்து, கரு தங்கி வெடித்திருந்த வலது கருக்குழாயை எடுத்தார்கள். மூன்று பாட்டில் ரத்தம் ஏறியது.

15.07.2023, காலை 7.30

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்த டாக்டரைக் குற்றவாளி மாதிரி எழுதிவிட்டேனோ என்று உறுத்துகிறது. பல வருடம் அவர் மேல் கோபமாகத்தான் இருந்தேன். இப்போது அப்படி இல்லை. அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார், நான் தெரிந்ததைச் சொன்னேன். கர்ப்பமாகிற வயதில் ஒரு பெண் வயிற்று வலியோ மயக்கமோ என்று வந்தால், அவள் என்ன சொன்னாலும் கார்டு போட்டுப் பார்த்துவிட வேண்டும். அந்த ஒரு வேலை நடக்கவில்லை. "தள்ளிப்போனதா" என்று கேட்டால் எங்கள் காதில் "வந்ததா, வரவில்லையா" என்றுதான் விழும். "எப்பவும் போல வந்ததா" என்று கேட்டால்தான் யோசிக்கவே தோன்றும்.

15.07.2023, காலை 11.15

தங்கைக்கு இரண்டு கோடு வந்துவிட்டது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்களாம், நான்தான் பயமுறுத்துகிறேனாம்.

பயமுறுத்தவில்லை. லேசாகப் பட்டும், நன்றாகப் பிறந்த குழந்தைகள் ஏராளம். ஆரம்பத்தில் சிலருக்குப் பட்டுவிட்டு நின்றுவிடும். ஆனால் கார்டு சொல்வது "கர்ப்பம்" என்ற ஒன்றைத்தான். எங்கே என்று அதற்குத் தெரியாது. வலியும் உதிரமும் இருக்கும்போது "எங்கே" என்பதை இன்றைக்கே பார்த்தாக வேண்டும். உள்ளே விட்டு எடுக்கிற ஸ்கேன்தான் இந்த நாளில் தெளிவாகக் காட்டும். வயிற்றின் மேல் வைத்து எடுப்பதில் ஆறு வாரத்தில் பல சமயம் ஒன்றும் தெரியாது. கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறாள், கூடவே போங்கள்.

ரத்த குரூப்பையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாக்கிற ஆன்டி டி ஊசி பற்றி டாக்டரே சொல்வார். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

15.07.2023, மதியம் 3.00

"கரு ஏன் குழாயில் போய் உட்கார வேண்டும்?" என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். போய் உட்காருவதில்லை, அங்கிருந்து வராமல் நின்றுவிடுகிறது. எனக்கும் டிஸ்சார்ஜ் ஆகிற அன்று ஒரு அம்மா டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டியபோதுதான் இது புரிந்தது.

முட்டையும் விந்தும் சேர்வதே கருக்குழாயில்தான், கர்ப்பப்பையில் இல்லை. எல்லாக் கர்ப்பமும் குழாயில்தான் தொடங்குகிறது. குழாயின் நீளம் 10, 12 சென்டிமீட்டர். உள்ளே நெல் நாற்று போலச் சின்னச் சின்ன முடிகள் அசைந்து அசைந்து கருவை மூன்று நான்கு நாளில் கர்ப்பப்பைக்குத் தள்ளிவிடும். ஏதோ ஒரு காலத்தில் வந்த தொற்றால் அந்த முடிகள் கருகியிருந்தாலோ, குழாய் ஒட்டிக்கொண்டிருந்தாலோ கரு வழியிலேயே நின்றுவிடும். ஒட்டிக்கொள்கிற நாள் வந்ததும் நின்ற இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கர்ப்பப்பை விரிந்து கொடுக்கும், குழாயால் முடியாது. கரு தன் வேரை அதன் சுவருக்குள் விட, ரத்தம் கசியும், கடைசியில் கிழியும். கர்ப்பப்பைக்கு வெளியே தங்குவதில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இப்படிக் குழாயில்தான். மிச்சம் சூலகத்தில், கர்ப்பப்பை வாயில், பழைய சிசேரியன் தழும்பில், அபூர்வமாக வயிற்றுக்குள் தங்கும். மொத்தத்தில் நூறு கர்ப்பத்தில் ஒன்று அல்லது இரண்டு இப்படி ஆகிறது.

தோள் வலிக்கும் அந்த அம்மா டாக்டரே காரணம் சொன்னார். வயிற்றில் கொட்டிய ரத்தம், படுக்கும்போது மேலே ஏறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானத்துக்கு அடியில் போய்ச் சேருகிறது. உதரவிதானத்துக்குப் போகிற நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது, தோள்பட்டையின் உணர்ச்சியும் அதே இடத்திலிருந்துதான். வயிற்றில் இருக்கிற தொந்தரவை மூளை தோளில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. படுத்தால் கூடி, உட்கார்ந்தால் குறைந்ததன் விளக்கம் இதுதான். அத்தை தைலம் தேய்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க உள்ளே ரத்தம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. பாவம், இதைக் கேட்டு அவர் அழுதார்.

15.07.2023, இரவு 8.40

ஸ்கேன் முடிந்துவிட்டதாம். "கர்ப்பப்பையில் ஒன்றும் தெரியவில்லை, குழாயிலும் ஒன்றும் தெரியவில்லை. ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. 890. நாளை மறுநாள் திரும்ப வரச் சொன்னார்கள். அப்போ கலைந்துவிட்டதா அக்கா?"

இப்போது யாராலும் சொல்ல முடியாது. டாக்டர் தெரியாமல் அனுப்பவில்லை, சரியாகத்தான் செய்திருக்கிறார். இதற்கு "இருக்கும் இடம் தெரியாத கர்ப்பம்" என்றே பெயர் உண்டு. மூன்றில் ஒன்று: நல்ல கர்ப்பம், ஆனால் கண்ணுக்குத் தெரிய இன்னும் நாளாகவில்லை. அல்லது கலைந்துகொண்டிருக்கிறது. அல்லது வெளியே எங்கோ இருக்கிறது. பீட்டா எச்.சி.ஜி. என்பது கர்ப்பமானால் ரத்தத்தில் ஏறுகிற ஹார்மோன். 890 என்பது சின்ன எண். கர்ப்பப்பைக்குள் இருக்கிற கரு ஸ்கேனில் தெரிய 1,500, 2,000 என்று ஏற வேண்டும். 3,500 வரைகூடப் பொறுத்துப் பார்க்கலாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் சொல்கிறது, நல்ல கருவை அவசரப்பட்டு அழித்துவிடக் கூடாது என்பதற்காக.

48 மணி நேரம் கழித்து எடுக்கிற இரண்டாவது எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல கர்ப்பமென்றால் இரண்டு மடங்காக வேண்டும்.

அந்த இரண்டு நாளும் அவளைத் தனியாக விடாதீர்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற வீட்டில் தங்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் நெடுந்தூரம் போக வேண்டாம்.

16.07.2023, காலை 9.00

நேற்று "இரண்டு மடங்காக வேண்டும்" என்று எழுதியது தவறு. 2016-இல் எனக்கு வார்டில் யாரோ சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். இப்போது டாக்டர்கள் பார்ப்பது குறைந்தபட்ச ஏற்றம். முதல் எண் 1,500-க்குக் கீழே என்றால் 48 மணி நேரத்தில் 49 சதவீதமாவது ஏற வேண்டும். 1,500-லிருந்து 3,000 வரை 40 சதவீதம், அதற்கு மேல் 33. இதற்கும் குறைவாக ஏறினால் அது சரியாக வளரும் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மறுபக்கமும் உண்டு. நன்றாக ஏறுகிறது என்பதாலேயே கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது, குழாயில் இருந்துகொண்டும் சிலருக்கு ஒழுங்காக ஏறும்.

890-க்கு 1,780 வரவில்லையே என்று நல்ல கர்ப்பம் இருக்கிற யாராவது இதைப் படித்துவிட்டு அழக்கூடாது. அதற்காகத்தான் காலையிலேயே எழுதுகிறேன்.

16.07.2023, மதியம் 12.20

இன்னொரு திருத்தம். என் கதையைப் படித்துவிட்டு "எனக்கு வலி நடுவில்தான் இருக்கிறது, அப்போ இது இல்லைதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு ஒரு பக்கமாக வலித்தது, அவ்வளவுதான். நடுவிலும் வலிக்கலாம், வயிறு முழுக்க வலிக்கலாம், கிழிகிற வரை வலியே இல்லாமலும் இருக்கலாம். சிலருக்கு வெறும் வாந்தி, பேதி போலத்தான் வரும், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றே அனுப்பிவிடுவார்கள். நாள் தள்ளுவது, வலி, உதிரம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வருவது பாதிப் பேருக்குத்தான் என்கிறார்கள்.

நம் வார்த்தைகளையும் சொல்ல வேண்டும். அடிவயிறு வலித்தால் சூடு. மேல்வயிறு வலித்தால் கேஸ். தோள் வலித்தால் வாயுப் பிடிப்பு. தலை சுற்றினால் பித்தம். என் உடம்பில் ஒரே நோய் நாலு இடத்தில் தலையைக் காட்டியது. நாலுக்கும் எங்கள் வீட்டில் தனித்தனிப் பெயரும் தனித்தனி வைத்தியமும் இருந்ததால் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

16.07.2023, இரவு 10.05

யாருக்கு வரும் என்று கேட்கிறீர்கள். ஏற்கெனவே ஒருமுறை வந்தவர்களுக்கு, குழாயில் ஏதாவது ஆபரேஷன் ஆனவர்களுக்கு, இடுப்புக்குழியில் தொற்று வந்தவர்களுக்கு, சிகரெட் பிடிப்பவர்களுக்கு, 35 வயதுக்கு மேல், செயற்கைக் கருத்தரிப்பில். நம் நாட்டில் டிபியையும் சேர்க்க வேண்டும். கர்ப்பப்பைப் பக்கம் டிபி வந்தால் அது குழாயைத்தான் முதலில் பிடிக்கும், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமல். காப்பர் டி போட்டவர்கள் பயப்பட வேண்டாம், கர்ப்பமாவதே அபூர்வம் என்பதால் மொத்தத்தில் ஆபத்து குறைவுதான். ஆனால் காப்பர் டி இருக்கும்போது கார்டில் இரண்டு கோடு வந்தால் உடனே ஸ்கேன்.

ஆனால் இந்தப் பட்டியலில் நான் எதிலுமே இல்லை. இந்தக் கர்ப்பம் வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு எந்தக் காரணமும் தெரிவதில்லை. "நீ என்ன பண்ணினே, எதைத் தூக்கினே" என்று என்னைக் கேட்டவர்களுக்கு அப்போது இந்தப் பதில் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டியில் போனதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ, குடம் தூக்கியதாலோ கரு குழாயில் தங்காது.

17.07.2023, காலை 8.15

ராத்திரி படுத்த பிறகு என் சித்தி நினைவு வந்தது. மேலே எழுத மறந்தது இதுதான். எங்கள் ஊர்ப் பக்கம் இதை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சித்திக்கு இரண்டு பிள்ளை, இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். ஒன்பது வருடம் கழித்து நாள் தள்ளியபோது "சீக்கிரமே நிக்கப் போகுது போல" என்று விட்டுவிட்டார். 38 வயது. ஆபரேஷன் செய்தவளுக்கு எப்படிக் கர்ப்பம் வரும் என்று வீட்டில் ஒருவர்கூட நினைக்கவில்லை. அவருக்கும் குழாயில்தான் இருந்தது, அவருக்கும் வெடித்த பிறகுதான் தெரிந்தது. பிழைத்துவிட்டார்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் தோற்பது அபூர்வம். தோற்றால், அப்போது வருகிற கர்ப்பத்தில் கணிசமான பங்கு குழாயில் வரும். வெட்டிக் கட்டிய குழாயில் நூலிழை வழி திறந்தால் விந்து நுழைந்துவிடும், அதைவிடப் பெரிதான கருவால் திரும்ப வர முடியாது. அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்து, 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பின் பத்து வருடத்தில் ஆயிரத்துக்கு 7.3 பேருக்குக் குழாய்க் கர்ப்பம். வந்த கர்ப்பங்களில் மூன்றில் ஒன்று அப்படி. அதனால் ஆபரேஷன் ஆன அக்காக்கள், அத்தைகள், நாள் தள்ளினால் ஒரு கார்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். இந்த வயதில் கேட்க வெட்கமாக இருக்கிறது என்று சித்தி சொன்னார். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

17.07.2023, மதியம் 1.30

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுகிற கலைப்பு மாத்திரை பற்றியும் எழுதச் சொல்லித் தனியாக ஒருவர் கேட்டார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை.

அந்த மாத்திரை கர்ப்பப்பையில் இருக்கிற கர்ப்பத்துக்கானது. குழாயில் இருப்பதை அது ஒன்றும் செய்யாது. ஆனால் கர்ப்பப்பையின் உட்சுவர் உதிர்ந்து நன்றாக உதிரம் போகும். போட்டவள், முடிந்துவிட்டது என்று நம்பி, யாரிடமும் சொல்லாமல் இருப்பாள். அப்புறம் வருகிற வலியையும் மாத்திரையின் வலி என்றே எடுத்துக்கொள்வாள். யாருக்கும் தெரியக் கூடாது என்றுதானே வாங்கியிருக்கிறாள், விழுந்து கிடந்தாலும் கூட இருப்பவர்களுக்கு என்ன என்று புரியாது. ஸ்கேன் பார்த்து இடம் தெரிந்த பிறகு டாக்டர் கொடுத்தால் மட்டும் அந்த மாத்திரை. ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், வலி இருந்தால், இரண்டு வாரமாகியும் கார்டில் கோடு அழுத்தமாகவே இருந்தால், டாக்டரிடம் மாத்திரை போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

17.07.2023, இரவு 9.10

இரண்டாவது எண் 1,060. இரண்டு நாளில் 19 சதவீதம். இன்று வேறு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததில் இடது குழாயில் 2.1 சென்டிமீட்டரில் ஒரு கட்டி தெரிகிறது, துடிப்பு இல்லை, வயிற்றில் ரத்தம் இல்லை. அவள் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு "இதை எடுத்து உள்ளே வைக்க முடியாதா என்று கேளுங்கள் அக்கா" என்றாளாம்.

முடியாது, தங்கச்சி. நானும் கேட்டேன். வேரோடு பிடுங்கிய நாற்றை நட்டால் பிடிக்கும், கருவுக்கு அப்படிச் செய்ய இன்னும் வழியில்லை.

17.07.2023, இரவு 9.25

ஆனால் ஒன்று சொல்கிறேன். வெடிப்பதற்கு முன்னால் கண்டுபிடித்தாயிற்று. எனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைத்திருக்கிறது. வயிற்றைத் திறக்காமலே முடியலாம்.

18.07.2023, இரவு 8.00

கரு மேலே வளராமல் நிறுத்துகிற மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டுவிட்டார்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போட்டார்களாம், அதுதான் முறை. எல்லோருக்கும் இது ஆகாது. ரத்தக் கசிவு இருக்கக் கூடாது, கட்டி பெரிதாக இருக்கக் கூடாது, துடிப்பு இருக்கக் கூடாது, எச்.சி.ஜி. 5,000-க்கு மேல் போனால் தோற்கிற வாய்ப்பு கூடும், திரும்பத் திரும்ப வந்து ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் போலிக் ஆசிட் மாத்திரை ஆரம்பித்திருப்பாள். அதை நிறுத்தச் சொன்னார்களா என்று கேளுங்கள். அந்த ஊசி வேலை செய்வதே போலிக் ஆசிட்டைத் தடுத்துத்தான். சத்து மாத்திரை, டானிக் எதிலும் அது இருக்கலாம். வலிக்கு டாக்டர் சொல்லாத மாத்திரை வேண்டாம். வெயிலில் அலைய வேண்டாம்.

இதில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு இந்த ஊசி போட்டபோது கூடவே இருந்தேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

21.07.2023, மாலை 6.45

நாலாம் நாள் எண் 1,290. கூடிவிட்டது என்று வீடே கலங்கியிருக்கிறது. கலங்க வேண்டாம். நாலாம் நாள் கூடுவது வழக்கம்தான். ஊசி போட்ட நாளையே முதல் நாளாக எண்ணி, நாலாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் 15 சதவீதமாவது குறைகிறதா என்று பார்ப்பார்கள். குறையாவிட்டால் இன்னொரு ஊசி, அல்லது ஆபரேஷன்.

இந்த நாட்களில் வயிறு வலிக்கும், கரு குழாயிலிருந்து பிரிகிற வலி. ஆனால் எது அந்த வலி, எது வெடிக்கிற வலி என்று வீட்டில் உட்கார்ந்து பிரித்தறிய முடியாது. எண் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வெடித்தவர்களும் உண்டு. பாத்ரூம் தாழ்ப்பாள் விஷயம் இன்னும் முடியவில்லை.

24.07.2023, இரவு 7.20

940! 27 சதவீதம் குறைந்திருக்கிறது. எனக்குத் தெரியாத ஒரு பெண்ணுக்காக இன்று சமயபுரம் போயிருந்தேன், பஸ்ஸில் வரும்போதுதான் பார்த்தேன்.

26.07.2023, மதியம் 2.15

"இது முத்துப்பிள்ளையா?" என்று கேட்ட அம்மாவுக்கு: இல்லை. முத்துப்பிள்ளை கர்ப்பம் கர்ப்பப்பைக்குள்ளேயே ஆவது, நச்சுக்கொடி திராட்சைக் கொத்து போல வீங்கிவிடும். அதில் எச்.சி.ஜி. ஏகத்துக்கு ஏறும். இரண்டும் வேறு வேறு, வைத்தியமும் வேறு.

இந்த நோய்க்கு ஒரு நல்ல வீட்டு வார்த்தை நம்மிடம் இல்லை. "இடம் மாறிய கர்ப்பம்" என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். ஆஸ்பத்திரியில் "டியூப்ல தங்கிடுச்சு" என்றுதான் சொல்வார்கள். எனக்கு டியூபில் தங்கியது என்பதே போதும்.

வார்த்தை புதிதே தவிர நோய் புதிதில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஸ்பெயினில் இருக்கிற கோர்தோபாவில் அல் சஹ்ராவி என்ற மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். வெடித்த குழாயை ஆபரேஷன் செய்து முதன்முதலில் உயிரைக் காப்பாற்றியது 1883-இல், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் லாசன் டைட் என்பவர். அதுவரை பெரும்பாலும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்கள். நூற்று நாற்பது வருடம்தான் ஆகிறது.

29.07.2023, இரவு 11.30

தங்கை யாரோடும் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "ஒன்றரை மாசக் கரு, அதுக்கு என்ன இப்படி" என்று மாமியார் சொல்கிறாராம்.

எனக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது எல்லோரும் "உன் உயிர் கிடைச்சதே" என்றார்கள். உண்மைதான், கிடைத்தது. அதனால் இன்னொன்று போனதைச் சொல்ல இடமே இல்லாமல் போனது. கலைந்தால்கூடக் கலைந்தது என்று நாலு பேர் வந்து பார்ப்பார்கள். இது ஆபரேஷன் கணக்கில் போய்விட்டது. டிஸ்சார்ஜ் சீட்டில் குழாயின் பெயர்தான் இருந்தது. கர்ப்பம் என்று தெரிந்த நிமிடத்துக்கும் இல்லை என்று தெரிந்த நிமிடத்துக்கும் நடுவில் எனக்குக் கால் மணி நேரம்தான். அந்தக் கால் மணி நேரம் நான் இரண்டு பிள்ளைக்குத் தாயாக இருந்தேன்.

அவளைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டுங்கள், பயறு உரியுங்கள். அவளாகச் சொல்வாள். மாப்பிள்ளையையும் யாராவது கேளுங்கள். என் வீட்டுக்காரர், கதவை உடைத்த அன்று பார்த்ததை, மூன்று வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்.

02.08.2023, காலை 10.00

அடுத்த குழந்தை பற்றி. இருக்கிற ஒரு குழாயிலும் பிள்ளை உண்டாகும். எனக்கு 2018-இல் மகள் பிறந்தாள், மிச்சமிருந்த இடது குழாய் வழியாக. ஒரு குழாய் நன்றாக இருந்தால், பாதிக்கப்பட்டதை எடுத்தவர்களுக்கும் கீறிக் கருவை மட்டும் எடுத்துக் குழாயை விட்டுவைத்தவர்களுக்கும் பின்னால் இயற்கையாகக் கர்ப்பமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2014-இல் வந்த ஒரு ஐரோப்பிய ஆய்வு காட்டியது. எடுத்தவர்களில் 56, விட்டுவைத்தவர்களில் 61 சதவீதம். குழாயை எடுத்துவிட்டார்களே என்று அழுகிறவர்களுக்காக இந்த எண்ணைச் சொல்கிறேன்.

ஊசி போட்டவர்கள் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அப்புறம் உண்டானால், திரும்பவும் குழாயில் தங்குகிற வாய்ப்பு பத்தில் ஒன்று. அதனால் கார்டில் கோடு வந்ததுமே டாக்டரிடம் பழையதைச் சொல்லி, ஆறாவது வாரத்தில் ஸ்கேன். மூன்றாம் மாதம் வரை காத்திருக்கக் கூடாது. மகள் உண்டானபோது அந்த ஸ்கேன் அறையில் நான் மூச்சு விடாமல் படுத்திருந்தேன். டாக்டர் துடிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "உள்ளதான் இருக்கு" என்றார். அது போதுமாக இருந்தது.

28.08.2023, மாலை 5.40

410, 120, 38, 9 என்று வாராவாரம் வந்துகொண்டிருந்த எண் இன்று 5-க்குக் கீழே. ஆறு வாரம். இனி ரத்தம் கொடுக்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மாமியாரே கூட வந்திருந்தாராம்.

30.08.2023, காலை 7.05

ஒரு சின்னத் திருத்தம், நிறையப் பேர் குழம்புகிறீர்கள். மேலே நான் "ஆறாவது வாரம்" என்று எழுதிய இடத்திலெல்லாம், கடைசியாக ஒழுங்காக வந்த பீரியட்ஸின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து அல்ல. நடுவில் லேசாகப் பட்டதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். தங்கைக்கும் முதலில் போன இடத்தில் அந்தக் காபித்தூள் நிறத்தைத்தான் பீரியட்ஸ் தேதியாக எழுதியிருந்தார்கள். அதை வைத்துப் பார்த்தால் அவளுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.